ஆட்டக்காரனைத் தராசில் போடாதீர்கள்

விளையாட்டு வீரர்களின் ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்தால், பொல்பிட்டிய கடைத்தெருவில் தொடங்கிக் கொழும்புத் தொலைக்காட்சி வரைக்கும் ஒரே தீர்ப்புத்தான் கேட்கிறது. போன வருடக் கணக்கை எடு, புள்ளியைக் கூட்டு, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்து, உச்சியில் நிற்பவனுக்கு உச்ச ஒப்பந்தம் கொடு. கைத்தொலைபேசியில் கற்பனைக் கிரிக்கெட் அணி கட்டிப் பழகியவர்களும், கணினிக்குள் ஒரு முழுக் கூடைப்பந்து லீக்கையே நடத்தி வீரர்களுக்குச் சம்பளம் போட்டுப் பழகியவர்களும் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறார்கள். எண் பொய் சொல்லாதாம். எண்ணுக்கு மேல் பேசுகிறவன் யாருக்கோ சிபாரிசு பிடிக்கிறானாம்.

இந்தக் கருத்து தவறு. கற்பனை லீக்கோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இந்த நாட்டின் தேசிய அணிக்கே இந்த முறையில் சம்பளம் போட்டுப் பார்த்தாயிற்று. அதன் விளைவையும் கண்ணால் கண்டோம். அதற்குப் பிறகும் அதே வேதம் ஓதப்படுகிறது.

நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். 2021 மே மாதம் இலங்கை கிரிக்கெட் நிறுவனம் 24 வீரர்களை நான்கு வகுப்பாகப் பிரித்து ஒப்பந்தம் நீட்டியது. அரவிந்த டி சில்வா தலைமையிலான ஆலோசனைக் குழுவும், அந்த வருடம் கிரிக்கெட் பணிப்பாளராக வந்த டொம் மூடியும் முன்வைத்த புள்ளி முறைதான் அடிப்படை. கடந்த இரண்டு வருட ஆட்டத்துக்கு 50 வீதம், உடற்தகுதிக்கு 20 வீதம், தலைமைத்துவம், தொழில்முறை ஒழுங்கு, எதிர்கால வாய்ப்பு ஆகிய மூன்றுக்கும் தலா 10 வீதம். மேல்வகுப்புக்கு ஆண்டுக்கு 70,000 முதல் 100,000 அமெரிக்க டொலர் வரை. உச்சத் தொகை தனஞ்சய டி சில்வாவுக்கு. திமுத் கருணாரத்ன, அஞ்சலோ மெத்யூஸ் போன்ற மூத்தவர்களுக்கு முன்பு வாங்கியதைவிடக் குறைவு. ஜூன் 3க்குள் கையெழுத்திடச் சொன்னார்கள். வீரர்கள் இடவில்லை. புள்ளி எப்படி வந்தது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று சட்டத்தரணி மூலம் கேட்டார்கள். வருட ஒப்பந்தம் இல்லாமலேதான் அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது, இல்லை, விமானமேறியது. அங்கே ரி20 தொடரை மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். இங்கே ஒப்பந்தம் நெடுங்காலம் மூப்புக்கும் பெயருக்கும் போனது என்ற குறை உண்மையானது. எந்தப் பாடசாலை, எந்தக் கழகம், யாருடைய ஆள் என்ற கேள்விகள் ஆட்டத்துக்கு முன்னால் வந்து நின்ற காலம் இருந்தது. எண்ணுக்கு ஊர் தெரியாது, மொழி தெரியாது, அப்பா யார் என்று தெரியாது. ஆகவே எண்ணிடம் அதிகாரத்தை ஒப்படைத்தால் ஆளுக்கு ஆள் பாரபட்சம் ஒழியும். உழைத்தவனுக்கு உழைத்த அளவுக்குக் கிடைக்கும். மலையகத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்த வாதம் இனிக்கத்தான் செய்யும். எத்தனை கதவு நம் பெயரைக் கேட்டதும் சாத்தப்பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியும். அதனால்தான் இதை நிதானமாக உடைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

1. கணினி லீக்கில் எண்தான் ஆட்டக்காரன். மைதானத்தில் எண் அவனுடைய நிழல்.

என்பிஏ 2கே போன்ற கூடைப்பந்துக் கணினி விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் 99க்குள் ஒரு மதிப்பெண் இருக்கிறது. பந்து வளையத்துக்குள் விழுமா விழாதா என்று கணினி தீர்மானிப்பதே அந்த மதிப்பெண்ணையும் அதன் உட்பிரிவுகளையும் வைத்துத்தான். அங்கே 92 வாங்கியவன் 85 வாங்கியவனைவிடத் திறமைசாலி என்பது ஒருவருடைய அபிப்பிராயம் அல்ல, அந்த உலகத்தின் விதி. எண் முதலில், ஆட்டம் பிறகு. மைதானத்தில் ஆட்டம் முதலில், எண் பிறகு. யார் பந்து போட்டார்கள், எந்த ஆடுகளம், எதிர்முனையில் யார் நின்றார்கள், பிடி விட்டது யார் என்ற நூறு விடயங்கள் ஆட்டத்துக்குள் போய் எண்ணாக வெளியே வருகின்றன. அந்த எண்ணை எடுத்து அதற்குள் ஒருவனைத் தனியாகத் தேடுகிறவர்கள் காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிவிட்டார்கள்.

கணினி லீக்கிலேயேகூட இந்த முறை சரியாக ஓடாது. அமெரிக்கக் கூடைப்பந்தின் உண்மையான என்பிஏயில் ஒரு வீரனுக்குக் கொடுக்கக்கூடிய உச்சச் சம்பளம், அவன் லீக்கில் ஆடிய வருடங்களைப் பொறுத்து, அணியின் சம்பள உச்சவரம்பில் 25, 30 அல்லது 35 வீதம். 2024-25 பருவத்தில் அந்த உச்சவரம்பு ஏறக்குறைய 14 கோடி டொலர். ஒருவனுக்கு 35 வீதத்தைக் கொடுத்தால் மிச்சத்தில் இன்னும் பதினாலு பேரைச் சமாளிக்க வேண்டும். வரம்பைத் தாண்டச் சில வழிகள் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. எனவே உச்ச ஒப்பந்தத்தில் முதல் கேள்வி "யார் அதிகம் எடுத்தான்" என்பதல்ல. "இவனுக்கு இவ்வளவு கொடுத்த பிறகு மீதிப் பணத்தில் ஓர் அணி நிற்குமா" என்பது. தனித்தனியாக வரிசைப்படுத்திய பட்டியல் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

2. எந்த மலையில் பறிக்க விட்டீர்கள் என்று கேட்காமல் கிலோவைக் கேட்காதீர்கள்.

அளந்து கூலி கொடுப்பது எப்படியிருக்கும் என்று நமக்கு வேறு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இலங்கையில் அதை மிக நீண்ட காலமாக, மிக நுணுக்கமாகச் செய்துவருவது தேயிலைத் தோட்டந்தான். காலையில் கங்காணி நிரை பிரித்துக் கொடுக்கிறார். ஒருத்திக்கு உரம் போட்டு ஆறு வாரம் ஆன, கொழுந்து பொங்கி நிற்கிற நிரை. இன்னொருத்திக்குக் கவ்வாத்து வெட்டி இப்போதுதான் தளிர்க்கிற, கல்லும் சரிவுமான ஓரம். மாலையில் இருவரும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வருகிறார்கள். தராசு இருவரையும் ஒரே மாதிரி நடத்துகிறது. சாக்குக்குக் கழிவு, மழைத் தண்ணீருக்குக் கழிவு, மிச்சம் ஏட்டில் ஏறுகிறது. முதலாமவளுக்கு முழுப்பேரும், அதாவது முழுநாட் சம்பளமும், மேல்கிலோவுக்குக் காசும். இரண்டாமவளுக்குப் பாதிச் சம்பளம், அரைப்பேர். தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளின் நியாயம் காலையில் நிரை பிரித்தபோதே முடிந்துவிட்டது. தராசு அதற்கு முத்திரை குத்தியது, அவ்வளவுதான்.

2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. கொஞ்ச நாளிலேயே பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ பறித்தால்தான் முழுப்பேர் என்று அளவு ஏறியது. அந்தச் சண்டையில் நம் மக்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள்: மலையைப் பார்க்காமல், மழையைப் பார்க்காமல், உரம் போட்டீர்களா என்று பார்க்காமல் கிலோவை மட்டும் கேட்பது என்ன நியாயம்? சரியான கேள்வி. இரண்டு மாதம் கழித்து கிரிக்கெட் வீரர்களுக்குப் புள்ளி முறை வந்தபோது அதே மக்களில் பலர் கைதட்டினார்கள். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கிரிக்கெட்டிலும் நிரை பிரிப்பது உண்டு. சுழலுக்கு உகந்த காலி மைதானத்தில் ரங்கன ஹேரத் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். மாபெரும் சுழற்பந்து வீச்சாளர், சந்தேகமில்லை. அதே காலியில் சுரங்க லக்மால் போன்ற வேகப்பந்து வீச்சாளருக்குக் கிடைத்தது என்ன? புதுப்பந்தின் பளபளப்பைத் தேய்க்கச் சில ஓவர். பிறகு எல்லைக்கோட்டருகே காவல். அவருடைய நாட்டு மண்ணின் கணக்கை வைத்து அவரை எடைபோட்டால் அரைப்பேர்தான் தேறும். அதே மனிதர் 2021 மார்ச்சில் அன்டிகுவாவில், காற்றும் களமும் கொஞ்சம் ஒத்துழைத்தபோது, 47 ஓட்டத்துக்கு 5 விக்கெட் எடுத்தார். துடுப்பாட்டத்திலும் அப்படித்தான். ஆறாம் இலக்கத்தில் ஆடுகிறவன் 30 ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் நிற்கிறான், மறுமுனையில் ஆள் தீர்ந்துவிட்டது. மூன்றாம் இலக்கத்தில் ஆடுகிறவனுக்கு நாள் முழுக்கக் காலம் இருந்தது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிக் கூட்டுகிறவருக்கு என்ன பெயர் வைப்பது?

இன்னும் கீழே போங்கள். புள்ளி முறை உள்நாட்டுப் போட்டிகளையும் கணக்கில் எடுத்தது. எஸ்எஸ்சி, சிசிசி, என்சிசி, கோல்ட்ஸ், தமிழ் யூனியன்: பழைய பெருங்கழகங்கள் எல்லாம் கொழும்பில். நமது தோட்டத்து மைதானங்களில் பையன்கள் ஆடுவது மென்பந்து. புல்தரை ஆடுகளத்தில் கடினபந்தைச் சந்திக்காதவனுக்கு எண்ணே கிடையாது. குறைந்த எண் உள்ளவனையாவது விசாரிப்பார்கள். எண் இல்லாதவன் பட்டியலில் இருந்தே விழுந்துவிடுவான். "எண்ணுக்கு ஊர் தெரியாது" என்றார்கள் அல்லவா? எண் பிறக்கும் ஊர் எது என்று பார்த்தால் தெரியும்.

3. எல்லா விக்கெட்டும் ஒரே விக்கெட் அல்ல.

கற்பனைக் கிரிக்கெட் செயலியான ட்ரீம்11 பல வருடம் வைத்திருந்த ரி20 கணக்கில் ஓர் ஓட்டத்துக்கு 1 புள்ளி, ஒரு விக்கெட்டுக்கு அடிப்படையாக 25 புள்ளி. கடைசி ஆட்டக்காரனை வீழ்த்தினாலும் 25தான், எதிரணியின் முதுகெலும்பை முறித்தாலும் 25தான். இந்தக் கணக்கோடு அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மிச்செல் ஸ்டார்க்கைப் பார்ப்போம். 2023 டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் கொல்கத்தா அவரை 24.75 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது. அன்றைக்கு அதுதான் ஐபிஎல் வரலாற்றின் உச்ச விலை. முதல் ஆட்டத்தில் 53 ஓட்டம், விக்கெட் இல்லை. இரண்டாவதில் 47 ஓட்டம், விக்கெட் இல்லை. ஊரெல்லாம் சிரித்தது. ஒரு பந்துக்கு இத்தனை லட்சம் என்று வகுத்து வகுத்துப் போட்டார்கள். பருவம் முடிவில் 17 விக்கெட், ஓவருக்குப் பத்து ஓட்டத்துக்கு மேல். புள்ளிப் பட்டியலில் இது நடுத்தர வரிசை.

ஆனால் நடந்தது என்ன? முதல் தகுதிப் போட்டியில், அந்தப் பருவம் முழுக்கப் பந்துவீச்சாளர்களைக் கிழித்துத் தொங்கவிட்ட ஹைதராபாத்தின் ட்ராவிஸ் ஹெட்டை, இரண்டாவது பந்திலேயே ஓட்டமில்லாமல் ஸ்டம்பைப் பறக்கவிட்டு அனுப்பினார். 2024 மே 26, சேப்பாக்கத்தில் இறுதிப் போட்டி. முதல் ஓவரிலேயே அபிஷேக் ஷர்மாவின் ஸ்டம்ப் போனது. ஹைதராபாத் 113க்குச் சுருண்டது. இரண்டு போட்டியிலும் ஆட்ட நாயகன் ஸ்டார்க், கிண்ணம் கொல்கத்தாவுக்கு. அவரை வாங்கியவர்கள் வாங்கியது அந்த இரண்டு ஓவரை. பட்டியலில் அந்த இரண்டு விக்கெட்டுக்கும் அடிப்படைப் புள்ளி 25ம் 25ம்.

கூடைப்பந்திலும் இதற்குப் பேர்போன ஒரு ஆள் உண்டு. ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் அணிக்கு ஆடிய ஷேன் பாட்டியர் 2009 காலத்தில் ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளிகூட எடுக்கமாட்டார். பிடித்த பந்தும் அதிகமில்லை. ஆனால் அவர் களத்தில் நின்றால் தோழர்கள் மேலாகவும் எதிராளிகள் மோசமாகவும் ஆடினார்கள். எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் அவரைப் பற்றி நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் நீண்ட கட்டுரையே எழுதினார். பின்னர் மயாமி அணியோடு 2012, 2013 இரண்டு வருடமும் சாம்பியன். இதில் கவனிக்க வேண்டியது: பாட்டியரின் பெறுமதியைக் கண்டது எண்ணை வெறுத்த பழைய பயிற்சியாளர் அல்ல. அவரை மதித்த முகாமையாளர் டேரல் மோரி எண்ணிலேயே வாழ்பவர். எண்ணை நேசித்தவருக்குத்தான் எந்த எண் பொய்யான எண் என்றும் தெரிந்தது. நான் எண்ணுக்கு எதிரி அல்ல. கூட்டல் மட்டும் தெரிந்தவரிடம் எண்ணைக் கொடுப்பதற்கு எதிரி.

4. நேற்றைய ஆட்டத்துக்குப் பரிசு கொடுங்கள். ஒப்பந்தம் நாளைக்கு உரியது.

போன வருடம் வென்றதற்குப் போட்டிக் கட்டணம் இருக்கிறது, வெற்றி ஊக்கத்தொகை இருக்கிறது, பதக்கம் இருக்கிறது. ஒப்பந்தம் என்பது இனி வரும் ஆட்டத்தை முன்கூட்டி வாங்குவது. அதன் விலையைக் கழிந்துபோன இரண்டு வருடத்தைக் கொண்டு பாதிக்குப் பாதி நிர்ணயிப்பது, பார்வைக் கண்ணாடியைப் பின்பக்கம் மாட்டிக்கொண்டு நடப்பதாகும்.

வாஷிங்டன் கூடைப்பந்து அணியின் ஜோன் வோல் 2016-17இல் அற்புதமாக ஆடினார். பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்டு லீக் அறிவிக்கும் கௌரவ அணிகளில் ஒன்றில் இடம் பெற்றார். அந்தத் தகுதி அவருக்கு 'சூப்பர்மேக்ஸ்' ஒப்பந்தக் கதவைத் திறந்தது. 2017இல் கையெழுத்து: நான்கு வருடம், 17 கோடி டொலர், 2019-20இல் தொடக்கம். தொடங்குவதற்கு முன்பே குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த ஒப்பந்தத்தின் முதல் மூன்று பருவத்தில் அவர் ஆடியது மொத்தம் 40 ஆட்டம், அதுவும் வேறு அணிக்கு. காயத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பருவத்து விருதை வைத்து ஆறு வருடத்துக்கு அப்பால் வரை சம்பளம் பூட்டிய விதியைக் குறை சொல்லலாம், சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் பாருங்கள். 2021இல் குறைத்து மதிப்பிடப்பட்ட மெத்யூஸின் பெயர் அந்த ஓகஸ்டில் வந்த 18 பேர் ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. அவர் ஓய்வைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். 2022 மே மாதம் பங்களாதேஷில் என்ன செய்தார்? சட்டோகிராமில் 199. மிர்பூரில் ஆட்டமிழக்காமல் 145. தொடர் நமக்கு. அம்மாதத்தின் சிறந்த வீரர் என்று சர்வதேச கிரிக்கெட் பேரவை அவரைத் தெரிவு செய்தது. 2025 ஜூனில் காலியில் விடைபெற்றபோது 119 டெஸ்ட், 8,000 ஓட்டத்துக்கு மேல். முப்பத்து நாலு வயதில் ஒருவனுக்குள் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்பது முந்திய இரண்டு வருடத்தின் கூட்டுத்தொகையில் தெரிவதில்லை. வலைப்பயிற்சியில் அவன் காலை எங்கே வைக்கிறான் என்று பார்த்தவருக்குத் தெரியும்.

5. அளவுகோலை வைத்த மறுநாளே ஆட்டம் அளவுகோலுக்காக ஆடப்படும்.

2023இல் என்பிஏ புதிய விதி கொண்டுவந்தது: பருவத்தில் 65 ஆட்டமாவது ஆடினால்தான் பெரிய விருதுக்கு ஒருவனைக் கருதுவார்கள். நட்சத்திரங்கள் சும்மா ஓய்வெடுக்கக் கூடாது என்ற நல்ல நோக்கம். ஆனால் விருது ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இந்தியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு அந்தப் பருவத்தில் தொடைத்தசையில் காயம். பருவத்தின் கௌரவ அணிகளில் இடம் கிடைத்தால் அவருடைய ஐந்து வருட ஒப்பந்தம் சுமார் 4 கோடி டொலரால் கூடும். முழுதாக ஆறுவதற்கு முன்பே இறங்கினார், 69 ஆட்டம் ஆடினார், தொகையைப் பெற்றார். இது முட்டாள்தனமான விதி என்று வெளிப்படையாகவே சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்? அளவுகோலை வைத்தவர்கள் அவருடைய தொடையைக் கேட்கவில்லை.

நம் நாட்டில் உடற்தகுதிக்கு 20 வீதம் வைத்தோம். பிறகு 2 கிலோமீற்றரை 8 நிமிடம் 10 விநாடிக்குள் ஓட வேண்டும் என்று 2022 தொடக்கத்தில் இன்னும் இறுக்கினோம். துடுப்பாட்ட வீரர் பானுக ராஜபக்ச அந்த ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். கடிதத்தில் குடும்பப் பொறுப்பு என்று எழுதினார்; உடற்தகுதி விதிகளோடு அவருக்கிருந்த உரசல் அதற்கு முன்பே ஊரறிந்தது. சில நாளில் ஓய்வைத் திரும்பப் பெற்றார். பெறாமல் விட்டிருந்தால்? 2022 செப்டெம்பர் 11, துபாய், ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. பாகிஸ்தானுக்கு எதிராக நம் அணி 58க்கு 5 விக்கெட் இழந்து நின்றது. அவர் எடுத்தது 45 பந்தில் 71, ஆட்டமிழக்காமல். 170 வரைக்கும் அணியைத் தூக்கினார். 23 ஓட்டத்தால் வென்றோம். பெற்றோலுக்கு வரிசையில் நின்று, மின்சாரம் இல்லாமல் இருட்டில் இருந்து, நாடே சோர்ந்து கிடந்த வருடத்தில் கிடைத்த ஒரே பெரிய சந்தோஷம் அது. ஓடத் தெரியாதவனை எடு என்று நான் சொல்லவில்லை. குறைந்தபட்ச உடற்தகுதி ஒரு வாசல்படியாக இருக்கட்டும். தாண்டியவன் உள்ளே வரட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு விநாடிக்கும் புள்ளி போட்டு, அதை ஆட்டத் திறமையோடு கூட்டுவது எதற்கு? தேசிய அணி அஞ்சலோட்டத்துக்கா போகிறது?

6. பாரபட்சம் ஒழியவில்லை. வேறு அறைக்குக் குடிபோயிருக்கிறது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான் என்பதால் கடைசிக்கு வைத்தேன். எண் வந்தால் ஆளுடைய விருப்பு வெறுப்பு போய்விடும் என்கிறார்கள். அப்படியானால் அந்தப் புள்ளி முறையில் ஆட்டத்துக்கு ஏன் 50? ஏன் 60 இல்லை? உடற்தகுதிக்கு 20 என்று எந்த வானத்திலிருந்து விழுந்தது? இரண்டு வருடம் என்று ஏன், மூன்று வருடம் என்று ஏன் இல்லை? மூன்றாக்கினால் சிலருடைய பெயர் மேலே வரும், சிலருடையது கீழே போகும். ஒவ்வொன்றையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த மனிதர்கள் தீர்மானித்தார்கள். முன்பு தேர்வாளர் ஒருவரின் விருப்பத்தை முகத்துக்கு நேரே கேட்கலாம். இப்போது அதே விருப்பம் வீதாசாரமாக மாறி, "கணக்கு அப்படி வந்தது" என்ற பதிலுக்குப் பின்னால் நிற்கிறது. கணக்கோடு யார் சண்டை போடுவது? தோட்டத்தில் அரைப்பேர் விழுந்தவள் கேட்டாலும் இதே பதில்தானே: தராசைக் கேள்.

அந்த "தொழில்முறை ஒழுங்கு" 10 வீதத்தைப் பாருங்கள். ஒழுங்குக்குப் புள்ளி போட்டு மே மாதம் ஒப்பந்தம் நீட்டினார்கள். ஜூன் முடிவதற்குள் இங்கிலாந்தின் டர்ஹம் நகரத்தில் உபதலைவர் உட்பட மூன்று வீரர்கள் கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி வெளியே சுற்றி, காணொளியில் சிக்கி, திருப்பி அனுப்பப்பட்டார்கள்; பின்னர் ஒரு வருடத் தடைக்கு ஆளானார்கள். அவர்களில் ஒருவர் மேல்வகுப்பு ஒப்பந்தம் நீட்டப்பட்டவர். அந்தத் தவறுக்குத் தண்டனை கிடைத்தாயிற்று. அதைக் கிளறுவது என் நோக்கமல்ல. ஒழுங்கு, தலைமைத்துவம் இரண்டும் எண்ணாக்கக் கூடியவை என்று நம்பியவர்களைத்தான் கேட்கிறேன். அந்த எண் என்ன அளந்தது?

இதற்கெல்லாம் எதிர்த்தரப்பிடம் ஒரு பதில் இருக்கிறது. "நீங்கள் சொல்பவர்கள் விதிவிலக்குகள். விதிவிலக்கை வைத்து முறை அமைக்க முடியாது." நடுத்தர ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசினால் இது சரியாகவே இருக்கும். இருபது பேருக்குச் சாதாரணச் சம்பளம் பிரிக்க எண் போதும், வேகமானது, சண்டையும் குறைவு. ஆனால் உச்ச ஒப்பந்தம் விதிவிலக்கானவர்களுக்கென்றே இருப்பது. விதிவிலக்கைக் காணத் தெரியாத முறையை அங்கே கொண்டுபோய் வைப்பதில் என்ன பொருள்?

முத்தையா முரளிதரன் 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகமானபோது எடுத்தது 141 ஓட்டத்துக்கு 3 விக்கெட். கண்டி புனித அந்தோனியார் கல்லூரிப் பையன், தமிழன், பந்தைத் திருப்பும் விதமே வேறு. மூன்று வருடம் கழித்து மெல்பேர்னில் நடுவர் அவர் கையைச் சந்தேகித்து முறையற்ற பந்து என்று அழைத்தார். அந்த நாட்களில் ஒழுங்கு, எதிர்கால வாய்ப்பு, சராசரி என்று ஏடு போட்டிருந்தால் எத்தனையாவது வகுப்பில் எழுதியிருப்பார்கள்? அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க ஏட்டைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தார். 800 டெஸ்ட் விக்கெட் பிறகு வந்தது. ரத்கம கடற்கரையோரத்தில் மென்பந்து வீசித் திரிந்த லசித் மாலிங்கவுக்கு எண்ணே இருக்கவில்லை. சம்பக்க ராமநாயக்கவின் கண் இருந்தது. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த மதீஷ பத்திரணவை இலங்கை அணிக்கு ஆடுவதற்கு முன்பே ஐபிஎல்லின் சென்னை அணி எடுத்து, கடைசி ஓவர்களுக்கென்று பத்திரப்படுத்தி வளர்த்து, 2025க்கு 13 கோடி இந்திய ரூபாவுக்குத் தக்கவைத்துக்கொண்டது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2020 இறுதியில் யாழ் அணிக்கு லங்கா பிரீமியர் லீக்கில் இறங்கியபோது, அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய கழகத்துக் கணக்கு எதுவும் இல்லை. 2024இல் ஐபிஎல் வரை போனார். இவர்கள் எல்லோருக்கும் முதலில் கிடைத்தது ஒரு மனிதரின் தீர்ப்பு. எண் அந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்து உறுதி செய்தது.

மனிதத் தீர்ப்பு என்றால் பழைய சிபாரிசுக்குத் திரும்புவதா? இல்லை. சிபாரிசுக்கும் தீர்ப்புக்கும் வித்தியாசம் உண்டு: தீர்ப்புச் சொன்னவர் பெயர் போட்டுக் காரணம் எழுத வேண்டும். புள்ளிக் கணக்கு முதல் சல்லடையாக இருக்கட்டும். அதன் பிறகு மேல்வகுப்புக்குப் பரிந்துரைக்கும் ஒவ்வொரு வீரனுக்கும் தெரிவுக் குழு ஒரு பக்கம் எழுதட்டும்: இவரிடம் அடுத்த இரண்டு வருடத்தில் எந்தச் சூழலில் எதை எதிர்பார்க்கிறோம், அதை வேறு யாரால் செய்ய முடியாது, இவருக்குக் கொடுக்கும் தொகையால் யாருக்கு எது கிடைக்காமல் போகிறது. வீரன் அதைப் படிக்கட்டும், மறுத்து எழுதட்டும். 2021இல் வீரர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கத்தை எடுத்து வைத்து, வீரனை மட்டுமல்ல, எழுதியவரையும் கேள்வி கேட்கலாம். தராசை அப்படிக் கேட்க முடியாது.

கூடவே ஒன்று. எண் பிறக்காத ஊர்களுக்குக் கண் போக வேண்டும். ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் தோட்டத்து மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கு ஒரு தேர்வாளர் வருடத்துக்கு ஒரு முறை வந்து, பகல் முழுக்க வரம்பில் உட்கார்ந்து பார்க்க எவ்வளவு செலவாகும்? மேல்வகுப்பு ஒப்பந்தம் ஒன்றின் ஒரு மாதப் பணம் அதற்குத் தாராளமாகப் போதும்.